கரைப்பானும் மருந்தும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மேடையிலே நமக்கு முன் பேசிய பெரியோர்கள் கம்பனைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் பேசிச் சென்றனர். நாமோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, புகைவண்டி நிலையத்திலே சீட்டுக்கும் சரக்குக்கும் கணக்கெழுதி வருபவர். மருத்துவரும் அல்லோம், வேதியியல் வல்லாரும் அல்லோம். எனினும் சங்கத்தார், "சென்ற சில திங்களாக நம் குடும்பங்களிலே ஒரு திரவத்தைப் பற்றிய பேச்சு அடிபடுகிறது, படித்தறிந்து எல்லார்க்கும் விளங்குமாறு சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டனர். பெரியோர் நூல்களிலும் அறிக்கைகளிலும் படித்ததையும், துறை அறிந்த மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் தொகுத்து உங்கள் முன் வைக்கின்றோம்.

அத்திரவத்தின் பெயர் டைமெத்தில் சல்ஃபாக்சைடு. சுருக்கமாக டி.எம்.எஸ்.ஓ. என்பர். மூட்டு வலிக்கு இதைத் தடவலாம், பக்கவாதத்திற்குக் குடிக்கலாம், புற்றுநோயையே கரைத்துவிடலாம் என்றெல்லாம் கைபேசிகளிலே செய்திகள் உலவுகின்றன. இவற்றுள் மெய் எது, பொய் எது, அச்சம் எங்கே என்பதே இன்றைய உரையின் பொருள்.

கரைப்பான் என்பது யாது?

சர்க்கரையைத் தண்ணீரில் இட்டால் கரைகிறது. தண்ணீர் கரைப்பான், சர்க்கரை கரைபொருள். கற்பூரம் தண்ணீரிலே கரையாது. தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி அதில் இட்டால் கரையும். அங்கே எண்ணெய் கரைப்பானாகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்ற கரைப்பான் ஒன்று உண்டு.

மருத்துவத்திலே இதன் பெருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சித்த மருத்துவர் ஒரே செந்தூரத்தை ஒருவர்க்குத் தேனிலும், மற்றொருவர்க்கு நெய்யிலும், வேறொருவர்க்குப் பாலிலும் குழைத்துக் கொடுப்பார். அத்துணைப்பொருளுக்கு அனுபானம் என்று பெயர். மருந்து எதுவோ அதனளவு முதன்மை அனுபானத்திற்கும் உண்டு என்பது அம்முறையின் கொள்கை. நாம் குடியேறி வாழும் இம்மலையாள நாட்டிலே எண்ணெய்களும் குழம்புகளும் மருத்துவத்திற்கு உயிர்போல விளங்குவதும் இக்காரணம் பற்றியே. மூலிகையின் சாரத்தை ஏந்திச் செல்வது எண்ணெய்.

நம் தொழிலை வைத்துச் சொன்னால் இன்னும் எளிதாகும். மருந்து சரக்கு, கரைப்பான் அதை ஏற்றிச் செல்லும் வேகன். சரக்கு எவ்வளவு உயர்ந்ததாயினும், முன்னர் நஞ்சு ஏற்றி வந்த வேகனைக் கழுவாமல் அதிலே அரிசி ஏற்றினால் என்ன ஆகும்? ஆதலின் ஏற்றுமுன் வேகனையும் பார்த்தாக வேண்டும். இன்று நாம் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு கருத்தே ஆகும்.

கரைப்பானே மருந்தான கதை

வேகனே சரக்கானதும் உண்டு. ஈதரும் குளோரோஃபார்மும் கரைப்பான்கள். 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிலே மார்ட்டன் என்பார் ஈதரை முகரச் செய்து, நோயாளி வலியறியாதவாறு அறுவை நடைபெறக் காட்டினார். அடுத்த ஆண்டு, 1847 நவம்பரில், எடின்பரோவிலே சிம்சன் என்னும் மருத்துவர் குளோரோஃபார்மைக் கையாண்டார். மனித குலம் பெற்ற பெரும் வரம் என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால் 1848 ஜனவரியிலேயே, கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி ஒருத்தி இங்கிலாந்திலே உயிர் துறந்தாள். அவளைப் போலவே மேலும் பலர் மாண்டனர்.

மூச்சு நின்று சாகின்றனரா, இதயம் நின்று சாகின்றனரா என்பது பெரும் வழக்காயிற்று. அவ்வழக்கைத் தீர்க்க முன்வந்த இடம் நம் இந்தியாவே என்பதைப் பலர் அறியார். ஐதராபாத்திலே மருத்துவப் பள்ளியை நடத்திய எட்வர்டு லாரி என்னும் ஆங்கிலேய மருத்துவரின் வேண்டுகோளுக்கு இணங்கி, நிஜாம் மன்னர் பொருளுதவி செய்து 1888ஆம் ஆண்டிலும் 1889ஆம் ஆண்டிலுமாக இரண்டு ஆய்வுக் குழுக்களை அமைத்தார். இரண்டாம் குழுவிற்கு இலண்டனிலிருந்து லாடர் பிரன்டன் என்ற மருந்தியல் அறிஞர் வரவழைக்கப்பட்டார். நூற்றுக்கணக்கான விலங்குகளிலே சோதனை நடைபெற்றது. மூச்சைக் கண்காணித்தால் போதும், இதயத்திற்கு நேரடியாக இடரில்லை என்பது குழுவின் முடிவு.

அம்முடிவு நிலைக்கவில்லை. 1911ஆம் ஆண்டிலே லீவி என்னும் ஆய்வாளர், குளோரோஃபார்ம் இதயத் துடிப்பைத் திடீரெனச் சிதறடித்து நிறுத்தக்கூடும் என்று மெய்ப்பித்தார். ஈரலுக்கும் அது கேடு செய்வது தெளிவாயிற்று. படிப்படியே குளோரோஃபார்ம் அறுவைக் கூடத்தை விட்டு நீங்கியது. நல்லெண்ணமும், அரசரின் பொருளும், கற்றோர் கூட்டமும் ஒருங்கே இருந்த இடத்திலேயே முடிவு பிறழக்கூடுமாயின், கைபேசியிலே பெயரறியாதார் எழுதிய ஒரு பத்தியை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

டி.எம்.எஸ்.ஓ.வின் பிறப்பும் இயல்பும்

இனி நம் பொருளுக்கு வருவோம். டி.எம்.எஸ்.ஓ.வை முதன்முதல் ஆக்கியவர் உருசிய வேதியியல் அறிஞர் அலெக்சாண்டர் சாய்ட்செவ். காலம் 1860களின் நடுப்பகுதி. ஏறத்தாழ நூறாண்டுகள் அது ஆய்வுக்கூடத்துப் பொருளாகவே கிடந்தது. பின்னர் மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் ஆலைகளின் துணைப்பொருளிலிருந்து அதை மலிவாக எடுக்கும் வழி பிறந்தது.

பார்வைக்கு அது தண்ணீர் போலவே நிறமற்றது, சற்றே கொழகொழப்பானது. 18.5 பாகை செல்சியசிலே உறைந்துவிடும். நம் திருவனந்தபுரத்து வெயிலிலே என்றும் திரவமாக இருக்கும் அப்பொருள், மூணாற்றுக் குளிர்கால இரவிலே கட்டியாகிவிடும். தண்ணீரிலும் கலக்கும், தண்ணீரில் கரையாத பற்பல பொருள்களையும் கரைக்கும். இவ்விரு குணமும் ஒருங்கே அமைந்தமையால் வேதியியலார் அதைப் பெரிதும் போற்றுவர்.

அதனினும் வியப்பான குணம் வேறொன்று உண்டு. நம் தோல் ஒரு கோட்டை மதில் போன்றது. எளிதில் எதையும் உள்ளே விடாது. டி.எம்.எஸ்.ஓ. அம்மதிலைத் தடையின்றிக் கடந்து குருதியிலே கலந்துவிடும். கையிலே தடவிய சிறிது நேரத்தில் வாயிலே பூண்டுச் சுவை தோன்றும் என்றால் அதன் வேகத்தை அறியலாம். கடக்கும்போது தன்னுள் கரைந்துள்ள வேறு பல பொருள்களையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். இதன் பயன் அனைத்திற்கும் இதுவே வேர். இதன் இடர் அனைத்திற்கும் இதுவே வேர்.

ஏற்றமும் தடையும்

1960களின் தொடக்கத்திலே அமெரிக்க நாட்டு ஆரிகன் மாநில மருத்துவப் பள்ளியைச் சார்ந்த ஸ்டான்லி ஜேக்கப் என்னும் அறுவை மருத்துவரும், காகித ஆலையொன்றின் வேதியியலாரான ராபர்ட் ஹெர்ஷ்லரும் இதன் தோல் கடக்கும் ஆற்றலைக் கண்டு உலகிற்கு அறிவித்தனர். வலியும் வீக்கமும் தணிகின்றன என்றனர். செய்தித்தாள்கள் அற்புத மருந்து என்று பறை சாற்றின. மருந்து நிறுவனங்கள் போட்டியிட்டுச் சோதனையில் இறங்கின.

1965 நவம்பரிலே அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதனைகளை நிறுத்தியது. நாய், முயல், பன்றி ஆகியவற்றிற்கு மிகுந்த அளவிலே நெடுநாள் கொடுத்தபோது, அவற்றின் கண்வில்லையிலே மாறுதல் காணப்பட்டதே காரணம். பின்னர் மனிதரிடம் அத்தகைய கண்கேடு மெய்ப்பிக்கப்படவில்லை என்பதையும் நடுநிலையோடு சொல்லவேண்டும். 1970இல் குதிரை, நாய் ஆகியவற்றின் வீக்கத்திற்குத் தடவும் மருந்தாக ஒப்புதல் கிடைத்தது. 1978இல் மனிதர்க்கும் ஒரே ஒரு நோய்க்கு ஒப்புதல் கிடைத்தது. அது சிறுநீர்ப்பையின் உட்சுவரிலே நெடுநாள் அழற்சியும் கடுவலியும் உண்டாக்கும் ஒரு நோய். நூற்றுக்கு 50 பங்கு வலிமையுள்ள தூய கரைசலை, மருத்துவர் மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திச் சிறிது நேரம் வைத்திருந்து வெளியேற்றுவர்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நாட்டிலே டி.எம்.எஸ்.ஓ. தானே நோய் தீர்க்கும் மருந்தாக மனிதர்க்கு ஒப்புதல் பெற்றது இந்த ஒரு நோய்க்கே. மற்றவற்றிற்கு வேண்டிய அளவு சான்று கிட்டவில்லை. சோதிப்பதிலே ஒரு தனி இடையூறும் உண்டு. மெய்ம்மருந்து எது, வெறுந்தண்ணீர் எது என்று நோயாளி அறியாதவாறு கொடுத்துத்தான் மருந்தை எடைபோடுவர். இதைப் பூசியவரோ பூண்டு வாடையாலேயே கண்டுகொள்வார்!

இன்று எங்கே பயன்படுகிறது?

அப்படியாயின் டி.எம்.எஸ்.ஓ. வீண்பொருளோ என்றால், அன்று. வேகனாக அது ஆற்றும் தொண்டு பெரிது. மூன்றை மட்டும் சொல்வோம்.

முதலாவது, உயிரணுக்களைக் குளிரிலே காப்பது. உயிரணுவை உறையவைத்தால் உள்ளே பனிக்கட்டி ஊசிபோல் எழுந்து அதைக் கிழித்துவிடும். 1959ஆம் ஆண்டிலே லவ்லாக், பிஷப் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் டி.எம்.எஸ்.ஓ. இக்கேட்டைத் தடுப்பதைக் கண்டறிந்தனர். இன்று குருதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் குருதிக் குருத்தணுக்களை எடுத்து, பெரும்பாலும் நூற்றுக்கு 10 பங்கு டி.எம்.எஸ்.ஓ. சேர்த்து, சுழியத்திற்குக் கீழே 196 பாகைக் குளிருள்ள திரவ நைட்ரஜனிலே காத்து வைக்கின்றனர். கடுமையான மருந்துகள் கொடுத்த பிறகு அவ்வணுக்களைத் திரும்பச் செலுத்துவர். அப்பொழுதும் சிலர்க்குக் குமட்டல், இருமல், குருதியழுத்த மாறுதல், நாடித்துடிப்பு மெலிதல் ஆகியவை நேர்வதுண்டு. ஆதலின் செவிலியர் அருகிலிருந்து கண்காணிப்பர்.

இரண்டாவது, நம் ஊருக்கே அண்மையானது. மருத்துவக் கல்லூரி வளாகத்திலே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இருப்பதை அறிவீர்கள். 1976இல் தொடங்கி, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனமாயிற்று. மூளையிலே குருதி நாளங்கள் பின்னிச் சிக்கிக்கொள்ளும் கேட்டிற்கு, மண்டையைத் திறவாமலே மருத்துவம் செய்யும் அத்தகைய நிலையங்களிலே ஓனிக்ஸ் என்னும் பொருள் பயன்படுகிறது. ஒருவகைப் பிசினை டி.எம்.எஸ்.ஓ.விலே கரைத்து, கதிர்ப்படத்திலே தெரிவதற்காக டான்ட்டலம் என்னும் உலோகப் பொடியைச் சேர்த்திருப்பர். தொடையின் நாளம் வழியே நூலன்ன குழாயை மூளைவரை செலுத்தி அக்கரைசலை விடுவர். குருதியைக் கண்டதும் டி.எம்.எஸ்.ஓ. விலகிச் செல்லும், பிசின் இறுகிச் சிக்கலை அடைத்துவிடும். விரைந்து செலுத்தினால் அதே டி.எம்.எஸ்.ஓ. நாளத்தின் சுவரைப் புண்ணாக்கும். ஆதலின் மிக மெதுவாகவே செலுத்துவர். சில குழாய்களையே அது சிதைத்துவிடுமாதலால் அதற்கென்று செய்த குழாய்களைத்தான் கையாள்வர். கைதேர்ந்தோரே இவ்வளவு அஞ்சிக் கையாளும் பொருள் என்பது நினைவிருக்கட்டும்.

மூன்றாவது, முழங்கால் தேய்மான வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் கரைசல் ஒன்றிலே, மருந்தைத் தோலுக்குள் கொண்டு செல்லும் பொருட்டு நூற்றுக்கு 45 பங்கிற்குச் சற்று மிகுதியாக டி.எம்.எஸ்.ஓ. சேர்க்கின்றனர். 2009இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அங்கேயும் வலி தணிக்கும் மருந்து டைக்ளோஃபெனாக், டி.எம்.எஸ்.ஓ. அதன் வாகனம்.

இடர் எங்கே இருக்கிறது?

மருந்துகளிலே எஞ்சி நிற்கும் கரைப்பான்களை உலக நாடுகளின் மருந்துத் துறையார் மூன்று வகுப்புகளாகப் பிரித்துள்ளனர். முதல் வகுப்பு தவிர்க்கவேண்டிய கொடியவை; பென்சீன் அதில் உண்டு. இரண்டாம் வகுப்பு அளவோடு நிறுத்த வேண்டியவை. குளோரோஃபார்ம் அதில் உண்டு. மூன்றாம் வகுப்பு நச்சுத்தன்மை குறைந்தவை, டி.எம்.எஸ்.ஓ. அதில் இருக்கிறது. நம் வண்டிகளைப் போலன்றி, இங்கே மூன்றாம் வகுப்பே பாதுகாப்பான வகுப்பு! ஆகவே, அது தன்னளவிலே கொடிய நஞ்சன்று. இதைப் பிடித்துக்கொண்டுதான் விற்போர், "தீங்கே இல்லை" என்கின்றனர். அவர்கள் சொல்லாமல் விடுவது பின்வருவது.

டி.எம்.எஸ்.ஓ.வுக்கு நல்லது தீயது தெரியாது. நோயாளியின் தோலிலே முன்னரே பூசிய தைலம், வயலிலே தெளித்த பூச்சிமருந்தின் எச்சம், துணிச்சாயம், குப்பியிலே ஒட்டியிருந்த அழுக்கு ஆகியவற்றுள் கரைவதை எல்லாம் அது உள்ளே ஏற்றிச் செல்லக்கூடும். தொழிற்சாலைகளுக்கென்று விற்கும் டி.எம்.எஸ்.ஓ.விலே என்னென்ன கலந்துள்ளன என்பதை உடலுக்கு ஏற்ற முறையிலே எவரும் ஆராய்ந்திருக்கமாட்டார். அடுத்து, பிற மருந்துகளை உட்கொள்வோர்க்கு அம்மருந்தின் வேகத்தை இது மாற்றிவிடக்கூடும். நீர்க்கச் செய்யாமல் பூசினால் தோல் சிவந்து, எரிந்து, கொப்புளித்துவிடும். தலைவலியும் குமட்டலும் மயக்கமும் சிலர்க்கு உண்டாகும். கருவுற்ற தாய்மார்க்கும் குழந்தைகட்கும் கேடில்லை என்று மெய்ப்பிக்கப்படவில்லை.

நம் குடியிருப்பிலே ஓய்வு பெற்ற நாஞ்சில் நாட்டு அண்ணாச்சி ஒருவர் உண்டு. முழங்கால் வலிக்கு அஞ்சல் வழியே ஒரு குப்பி வருவித்தார். மருத்துவர் முன்னர் கொடுத்திருந்த களிம்பைப் பூசி, அதன் மேல் இதையும் பூசினார். மூன்றாம் நாள் முழங்காலைச் சுற்றிக் கொப்புளங்கள் எழுந்தன. வீட்டிலே பூண்டு உரிக்காத நாளிலும் பூண்டு வாடை வீசுகிறதே என்று ஆச்சி குறைப்பட்டுக்கொண்டார்கள். நாம் பார்க்கச் சென்றபோது குப்பியைக் காட்டினார். "ஆய்வகப் பயன்பாட்டிற்கு மட்டும்" என்று சிற்றெழுத்திலே அச்சிட்டிருந்தது. "அண்ணாச்சி, இதைப் படித்தீர்களா?" என்று கேட்டோம். "எழுத்து சின்னதாயிருக்கு, கண்ணாடி எடுக்கச் சோம்பல்" என்றார். குப்பியோடு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். புண் ஆறிவிட்டது. வலி முன்போலவே இருக்கிறது. இப்பொழுது முறையான மருத்துவமும் உடற்பயிற்சியும் நடைபெறுகின்றன.

அண்ணாச்சிக்கு நேர்ந்தது சிறிய துன்பம். புற்றுநோய்க்கு இதைக் குடிக்கச் சொல்வதுதான் பெரிய கொடுமை. டி.எம்.எஸ்.ஓ. புற்றுநோயைக் குணமாக்கும் என்பது மெய்ப்பிக்கப்பட்டதே அன்று. தொடக்க நிலையிலே கண்டறிந்து முறையான மருத்துவம் செய்தால் பிழைக்கக்கூடியவர், இத்திரவத்தை நம்பி மூன்று திங்கள் கழித்துவிட்டால், அந்த மூன்று திங்களை எந்த மருத்துவரும் அவருக்குத் திருப்பித் தர இயலாது.

மற்றொரு கரைப்பான் சொல்லும் பாடம்

"நாங்கள் இத்திரவத்தை வாங்கவே போவதில்லை, எங்களுக்கென்ன?" என்று தாய்மார்கள் கேட்கலாம். குழந்தைக்குக் கொடுக்கும் இருமல் மருந்திலும் கரைப்பான் உண்டு. அங்கே வேகனைப் பாராமல் விட்டதால் நேர்ந்தவற்றைக் கேளுங்கள்.

1937இல் அமெரிக்காவிலே மாசென்கில் என்னும் நிறுவனம், சல்ஃபனிலமைடு என்ற நல்ல மருந்தைத் திரவமாக்க விரும்பி, டைஎத்திலீன் கிளைகால் என்னும் இனிப்பான கரைப்பானிலே கரைத்தது. சுவை பார்த்தனர், நிறம் பார்த்தனர், மணம் பார்த்தனர். நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு மாண்டனர், பலர் குழந்தைகள். அதன் விளைவாகவே 1938இல் அந்நாட்டிலே புதிய மருந்துச் சட்டம் பிறந்தது. நம் நாட்டிலும் 1940இல் மருந்துச் சட்டம் வந்தது.

சட்டம் வந்த பின்னும் சாவு ஓயவில்லை. 1986இல் பம்பாயிலே ஜே.ஜே. மருத்துவமனையில், இதே நஞ்சு கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் மாண்டனர். நீதிபதி லென்டின் தலைமையிலே விசாரணை நடைபெற்றது. 2022இல் காம்பியா நாட்டிலும் உஸ்பெகிஸ்தானிலும் இந்தியாவிலிருந்து சென்ற இருமல் மருந்துகளின் பெயரோடு குழந்தைச் சாவுகள் பேசப்பட்டன.

2025ஆம் ஆண்டிலே பழி நம் தமிழ்நாட்டின் வாசலுக்கே வந்தது. மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்திலே குழந்தைகள் சிறுநீர் நின்று அடுத்தடுத்து மாண்டனர். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் என்னும் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்திலே செய்யப்பட்டது. தமிழக அரசின் ஆய்வுக்கூடம் சோதித்தபோது, நூற்றுக்கு 0.1 பங்கிற்கு மேல் இருக்கக்கூடாத டைஎத்திலீன் கிளைகால், நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது! மருந்துத் தரமற்ற புரொப்பிலீன் கிளைகாலை ஆலையார் வாங்கிக் கையாண்டனர் என்பது தமிழக ஆய்வாளர்கள் கண்டது. புரொப்பிலீன் கிளைகால் நல்ல கரைப்பானே. தூயதை மருந்துகளிலே சேர்ப்பதுண்டு. தரமற்றதை வாங்கியதும், வந்ததைச் சோதியாமல் சேர்த்ததுமே கேடு. இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அக்டோபர் மாதத் தொடக்கத்திலேயே தமிழ்நாடும், அதனையடுத்து நம் கேரளமும் அம்மருந்தின் விற்பனையை நிறுத்தின. ஆலையின் உரிமமும் நீக்கப்பட்டது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் கொடுத்த மருந்து, ஏற்றிய சரக்கிலே குற்றமில்லை, வேகன் நஞ்சாயிற்று.

நாம் செய்யவேண்டியது

நம் இலாகாவிலே ரெட் டாரிஃப் என்றொரு புத்தகம் உண்டு. தீப்பற்றும் பொருள், அரிக்கும் பொருள், நச்சுப் பொருள் ஆகியவற்றை எப்படிக் கட்டவேண்டும், எதனோடு எதை வைக்கலாகாது என்பதெல்லாம் அதிலே வகுக்கப்பட்டுள்ளன. அறிவிக்காமல் அத்தகைய பொருளை வண்டியிலே கொண்டு வருவோர்க்கு 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 164ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. ஒரு வண்டிக்கே இவ்வளவு காவல் வேண்டுமாயின், நம் உடலாகிய வண்டிக்கு எவ்வளவு காவல் வேண்டும்! ஆகவே நம் குடும்பங்களுக்குச் சில விதிகளைச் சொல்லுகின்றோம்.

ஒன்று: மருந்தென்று எதை வாங்கினாலும் உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகிய நான்கையும் படிக்க வேண்டும். கண்ணாடி தேட நேர்ந்தால் தேடியே படிக்க வேண்டும். "ஆய்வகத்திற்கு", "தொழிற்சாலைக்கு", "கால்நடைக்கு" என்று குறித்த எதுவும் நம் வீட்டு மருந்துப் பெட்டியில் நுழையலாகாது.

இரண்டு: மருத்துவர் சொல்லாமல் டி.எம்.எஸ்.ஓ.வைப் பூசவோ குடிக்கவோ கூடாது. முன்னரே பூசியிருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடமும், அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல் மருந்தும் சளி மருந்தும் கொடுக்கலாகாது, ஐந்து வயது வரையிலும் பொதுவாக வேண்டா என்று மத்தியச் சுகாதாரத் துறை 2025 அக்டோபரிலே அறிவுறுத்தியது. பெரும்பாலான இருமல் தானே தணியும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிக் கொடுத்த மருந்தை நம் குழந்தைக்கு ஊற்றலாகாது. சென்ற ஆண்டின் சீட்டைக் கொண்டு இவ்வாண்டு வாங்கலாகாது.

நான்கு: எந்தத் திரவ மருந்து குடித்த பின்னும் குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ, ஓயாத வாந்தியும் சோர்வும் கண்டாலோ, ஒரு நாழிகையும் தாழ்க்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். குப்பியையும் கையோடு கொண்டு போக வேண்டும். அக்குப்பி மற்றக் குழந்தைகளைக் காக்கும் சான்றாகும்.

ஐந்து: கைபேசியிலே வரும் மருத்துவச் செய்தியைப் பிறர்க்கு அனுப்புமுன், எழுதியவர் யார், அவர் எதையேனும் விற்கின்றாரா என்று பார்க்க வேண்டும். விடை தெரியாவிடில் அது நம் கையிலேயே நின்றுவிடட்டும்.

இறுதியாக ஒரு சொல். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வரும் வண்டிகளிலே நாள்தோறும் நம் மக்கள் தம்பானூரில் இறங்கி, மண்டலப் புற்றுநோய் மையத்திற்கு வழி கேட்கின்றனர். 1981இல் அமைந்த அம்மையம் கேரளத்தாரைப் போலவே தென்தமிழ் நாட்டாரையும் வாழ்விக்கிறது. அவ்வாறு சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு, மருத்துவமனை உரிய படிவத்திலே எழுதிக் கொடுத்தால், படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்வண்டியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி உண்டு. துணைக்கு வருபவர்க்கு அவ்விரு வகுப்பிலும் முக்கால் பங்கு தள்ளுபடி உண்டு. இதை அறியாமல் முழுக் கட்டணம் செலுத்துவோரை நாம் சாளரத்திலே கண்டிருக்கின்றோம். வண்டிச் செலவிற்கு அஞ்சி மருத்துவத்தைக் கைவிட்டு, மலிவாகக் கிடைக்கும் குப்பியை நாடுவாரும் இருக்கக்கூடும். ஊரிலுள்ள உற்றார்க்கு இச்சலுகையை எழுதுங்கள். மொழி தெரியாமல் மருத்துவமனையிலே திகைப்போர்க்கு, மலையாளம் அறிந்த நம் சங்க இளைஞர்கள் முறைவைத்துத் துணை நிற்கட்டும். செயலாளர் அவர்கள் அதற்கென ஒரு பெயர்ப் பட்டியலை இன்றே தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். முதற்பெயராக நம் பெயரை எழுதிக்கொள்ளலாம்.